கஞ்சிப்பாசி முதல் நியோஅகரோ சர்க்கரை வரை: கடல் பாக்டீரியா நொதியை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

நோன்பு மாதத்தில் கீழக்கரை, ராமநாதபுரம் பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் தட்டில் கடல்பாசி வெட்டி வைத்திருப்பார்கள். பாலில் காய்ச்சி, ரோஸ் எசன்ஸ் விட்டு, ஆறியதும் துண்டு போட்டது. மளிகைக் கடையில் இதற்குப் பெயர் சைனா கிராஸ். ஆய்வகத்தில் அகார்.

நம் குடலில் அகாரை வெட்டும் நொதி கிடையாது. உடம்புக்குள் போனது பெரும்பாலும் போனபடியே நார்ச்சத்தாக வெளியே வந்துவிடும். ஆனால் கடலில் அகாரையே தின்று வாழும் பாக்டீரியாக்கள் உண்டு. அவை வெளியே விடும் நொதியைப் பிடித்து நாம் பயன்படுத்தினால், அந்தக் கெட்டி ஜெல்லி தண்ணீரில் கரையும் குட்டிச் சர்க்கரைச் சங்கிலிகளாக உடைகிறது. இவற்றைத்தான் நியோஅகரோ ஒலிகோசாக்கரைடு என்கிறார்கள். குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்களுக்கு உணவாகும் பிரீபயாடிக் என்ற பெயரில் உலகெங்கும் ஆராயப்படும் பொருள் இது.

அதை எப்படிச் செய்வது என்று படிப்படியாக இங்கே எழுதுகிறேன். நுண்ணுயிரியல், உயிரித் தொழில்நுட்பம் படிக்கும் மாணவர்களையும், பாசியை வைத்துச் சிறுதொழில் தொடங்கலாமா என்று யோசிப்பவர்களையும் மனதில் வைத்திருக்கிறேன். சாதாரணக் கல்லூரி ஆய்வகத்தில் இருக்கும் கருவிகளே பெரும்பாலும் போதும்.

எந்தப் பிணைப்பை வெட்டுகிறோம்

அகாரில் ஜெல்லியாக உறைகிற பகுதிக்கு அகரோஸ் என்று பெயர். இரண்டு வகைச் சர்க்கரைகள் மாறி மாறிக் கோத்த நீளமான மாலை அது. ஒன்று டி-காலக்டோஸ், இன்னொன்று 3,6-அன்ஹைட்ரோ-எல்-காலக்டோஸ். இரண்டையும் இணைக்கும் முடிச்சுகளும் இரண்டு வகை. பீட்டா-1,4 முடிச்சை வெட்டும் நொதி பீட்டா-அகரேஸ். அது தருவது நியோஅகரோ வரிசை. ஆல்ஃபா-1,3 முடிச்சை வெட்டுவது ஆல்ஃபா-அகரேஸ். அது தருவது அகரோ வரிசை. மாலை ஒன்றுதான் என்றாலும் வெட்டும் இடம் மாறினால் துண்டின் முனை மாறும், முனை மாறினால் பொருளே வேறு.

அமிலத்தை ஊற்றிக் கொதிக்க வைத்தாலும் அகார் உடையும். செலவும் குறைவுதான். அமிலம் பெரும்பாலும் ஆல்ஃபா-1,3 முடிச்சைத்தான் தாக்கும். ஆனால் சரியான இடத்தில் அதை நிறுத்துவது கடினம். முனையில் வெளிப்படும் அன்ஹைட்ரோ காலக்டோஸ் அமிலச் சூட்டில் சிதைந்து, கரைசல் பழுப்பாகிவிடும். பிறகு அமிலத்தை நடுநிலையாக்க காரம் சேர்க்க வேண்டும், உப்பு ஏறும். நொதியில் இந்தத் தொல்லைகள் குறைவு. அதிலும் வேறு தொல்லைகள் உண்டு, வரிசையாகச் சொல்கிறேன்.

ஏன் அகாரில் தொடங்கச் சொல்கிறேன்

மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் பாசி எடுப்பவர்களைக் கேட்டால் நாலைந்து பெயர்களை வரிசையாகச் சொல்வார்கள். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை, பக்கோடா பாசி. அப்புறம், வளர்ப்புக்கு வந்த கப்பாபைகஸ். பெப்சி நிறுவனம் அதன் வளர்ப்பை ஊக்குவித்ததால் அதற்குப் ‘பெப்சி பாசி’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும் அகார் தரும் சிவப்புப் பாசிகள். கட்டக்கோரையும் பக்கோடா பாசியும் பழுப்புப் பாசிகள், அவை ஆல்ஜினேட் தரும். கப்பாபைகஸ் தருவது காராஜீனன். இரண்டும் அகாரைப் போலவே உணவைக் கெட்டியாக்கப் பயன்படும் நீளச் சங்கிலிப் பொருள்கள்.

கப்பாபைகஸ்தான் ஏராளமாகக் கிடைக்கிறதே, அதையே வெட்டிக் குட்டிச் சர்க்கரை ஆக்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. முழு நீளக் காராஜீனன் உணவில் அனுமதிக்கப்பட்ட பொருள்தான். ஆனால் அமிலமும் சூடும் கொண்டு அதைச் சிறிதாக உடைத்த பொலிஜீனன் என்ற பொருள், விலங்குகளில் குடல் புண்ணை உண்டாக்கியது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை 1980களில் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில், 2பி பிரிவில் சேர்த்தது. நொதியால் வெட்டிய துண்டுகளும் அதுவும் ஒன்றல்ல. ஆனாலும் உங்கள் துண்டு அதிலிருந்து வேறுபட்டது, பாதுகாப்பானது என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில்தான் விழும். ஒரு சிறு ஆய்வகம் தாங்கும் சுமை இல்லை அது.

ஆல்ஜினேட் நல்ல மாற்று. கால்சியம் படாதவரை உறையாது, கையாள எளிது. ஆல்ஜினேட் லையேஸ் நொதி வெட்டும்போது வெட்டுமுனையில் ஓர் இரட்டைப் பிணைப்பு உருவாகும். அது 235 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சுவதால், ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் வைத்தே வெட்டுவதைப் பார்க்கலாம். ஆனால் பழுப்புப் பாசியில் ஆர்செனிக்கைக் கவனிக்க வேண்டும். ஜப்பானியர் சாப்பிடும் ஹிஜிகி என்ற பாசியில் கனிம ஆர்செனிக் அதிகம் என்று பிரிட்டனின் உணவுத் தர முகமை 2004இல் மக்களை எச்சரித்தது. அந்த ஹிஜிகி நம் கட்டக்கோரையின் பேரினமான சர்காசத்தைச் சேர்ந்ததுதான்.

அதனால் முதல் முயற்சிக்கு அகார். அது காலங்காலமாகச் சாப்பிட்டு வரும் பொருள், மூலப்பொருள் பக்கத்திலேயே கிடைக்கிறது, நொதி வேலை செய்கிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

படி 1: பாசி

கஞ்சிப்பாசியைக் காய்ந்த நிலையில் வாங்குங்கள். நீங்களே தீவுப் பக்கம் போய்ப் பறிக்காதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த பாசி எடுக்கும் பெண்ணான லட்சுமி மூர்த்தி, பாசி எடுக்கும் பெண்களைத் திரட்டியதற்காகவும், பாசி அழியாதபடி எடுக்கும் முறைகளுக்காகவும் தீவுகளின் சூழலைக் காக்கும் சீகாலஜி அமைப்பின் விருதை 2015இல் பெற்றார். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு பாறை பாறையாக மூழ்கி எடுக்கிற வேலை அது. உங்கள் பொருள் நல்ல விலைக்குப் போனால், அதில் ஒரு பங்கு பாசியின் கொள்முதல் விலையிலும் தெரிய வேண்டும் என்று நான் நினைக்கிறேன். கணக்குப் போடும்போதே அதையும் சேர்த்துப் போடுங்கள்.

காய்ந்த பாசியில் மணல், சிப்பித்தூள், வேறு பாசிகள் எல்லாம் கலந்திருக்கும். நன்னீரில் நான்கைந்து முறை அலசுங்கள். அலசிய தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் பிடித்து வைத்துப் பாருங்கள். அடியில் மணல் படிவது நிற்கும் வரைக்கும் அலச வேண்டும். பிறகு வெயிலில் வெளுக்கும் வரை காய வையுங்கள்.

கஞ்சிப்பாசியின் அகாரில் சல்ஃபேட் கூடுதல். வழக்கமாக அகார் எடுப்பவர்கள் காரக் கரைசலில் சூடாக்கி அதைக் குறைப்பார்கள். கெட்டியாக உறைய வேண்டும் என்பது அவர்கள் தேவை. நமக்கு உறுதியான ஜெல்லி தேவையில்லைதான். ஆனால் சல்ஃபேட் தொங்கும் இடங்களில் பல பீட்டா-அகரேஸ்கள் தடுமாறும், வெட்டாத மிச்சம் கூடும். எனவே காரப் பதம் நமக்கும் உதவும். இதற்கெல்லாம் வசதி இல்லாதவர்கள் மதுரைப் பக்கம் இருக்கும் சிறு அகார் ஆலைகளில் உணவுத் தர அகாரை நேராக வாங்கித் தொடங்கலாம். முதல் ஆறு மாதத்துக்கு அதையே பரிந்துரைக்கிறேன்.

படி 2: பாக்டீரியாவைப் பிடித்தல்

அகார் ஆய்வகத்துக்குள் வந்ததே ஒரு சமையலறை வழியாகத்தான். ஜெர்மனியில் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி, வீட்டில் ஜெல்லி செய்யப் பயன்படுத்திய அகாரை 1881இல் கணவருக்குச் சொல்லிக் கொடுத்தார். ஜெலட்டினைப் பாக்டீரியாக்கள் கரைத்துவிடும், அகாரைக் கரைக்காது என்பதுதான் அதன் சிறப்பு. ஆனால் 1902இலேயே நார்வேயைச் சேர்ந்த கிரான், அகாரைக் கரைக்கும் பாக்டீரியாவைக் கடல்நீரிலிருந்து பிரித்துக் காட்டினார். நாம் தேடுவது அந்த வகையைத்தான்.

கரை ஒதுங்கி அழுகத் தொடங்கிய சிவப்புப் பாசியே சிறந்த இடம். கிருமி நீக்கிய கடல்நீரில் லேசாக அலசிவிட்டு, ஒரு கிராமை 9 மி.லி. கடல்நீரில் அரையுங்கள். பத்தில் ஒன்றாக நான்கு முறை நீர்த்துச் செல்லுங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் 0.1 மி.லி. எடுத்துத் தட்டில் பரப்புங்கள். ஊடகம் எளிது: வடிகட்டிய கடல்நீர் 750 மி.லி., காய்ச்சி வடித்த நீர் 250 மி.லி., பெப்டோன் 5 கிராம், ஈஸ்ட் சாறு 1 கிராம், அகார் 15 கிராம். 25 முதல் 28 டிகிரியில் மூன்று முதல் ஐந்து நாள் வையுங்கள்.

மூன்றாம் நாள் தட்டை வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்துப் பாருங்கள். பெரும்பாலான காலனிகள் மேலே புள்ளியாக உட்கார்ந்திருக்கும். ஒன்றிரண்டு மட்டும் குழிக்குள் இறங்கியிருக்கும், ஈர மணலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்த மாதிரி. சில நேரம் குழி அடித்தட்டு வரைக்கும் போய், உள்ளே நீர் கோத்து நிற்கும். அதுதான் நமக்கு வேண்டியது. உறுதி செய்ய, அந்தக் காலனியின் பிரதி ஒன்றை வேறு தட்டில் வளர்த்து, அதன்மேல் லூகால் அயோடின் கரைசலை ஊற்றுங்கள். தட்டு முழுவதும் அடர் பழுப்பாகும். அகார் கரைந்த இடம் மட்டும் காலனியைச் சுற்றி வெளிர் வட்டமாக நிற்கும். அயோடின் பட்ட காலனி பிழைக்காது, அதனால்தான் பிரதி.

ஒரு குழிக்குள் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட பாக்டீரியாக்கள் குடியிருக்கும். கரைப்பது ஒன்று, கரைந்ததைத் தின்பது மற்றொன்று. குறைந்தது மூன்று முறையாவது கீறித் தூய்மைப்படுத்துங்கள். பிறகு எந்தப் பாக்டீரியா என்று அடையாளம் காட்டும் 16எஸ் மரபணுவை வாசிக்கக் கொடுங்கள். அகாரிவோரன்ஸ், சூடோஆல்டிரோமோனாஸ், ஆல்டிரோமோனாஸ், மைக்ரோபல்பிஃபர், விப்ரியோ ஆகியவை அடிக்கடி கிடைக்கும் பெயர்கள். விப்ரியோ என்று வந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. அந்தக் குடும்பத்தில் மனிதருக்கு நோய் தருபவையும் இருக்கின்றன. நல்ல இனத்தை 20 சதவீத கிளிசரால் சேர்த்து மைனஸ் 80 டிகிரியில் இரண்டு இடங்களில் வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரீசர் பழுதாகி ஓர் இனம் கையை விட்டுப் போனால் மறுபடி அதே இனம் கிடைப்பது அரிது.

படி 3: நொதியை உற்பத்தி செய்தல்

அதே ஊடகத்தில் அகாரை லிட்டருக்கு 2 கிராமாகக் குறைத்துத் திரவமாக வளர்க்க வேண்டும். அந்தக் கொஞ்சம் அகார்தான் நொதியைச் சுரக்கத் தூண்டும். சீக்கிரம் வளரட்டும் என்று குளுக்கோஸ் போடாதீர்கள். எளிய சர்க்கரை கிடைத்தால் பல இனங்கள் அகரேஸைச் சுரக்காது. 28 டிகிரி, நிமிடத்துக்கு 150 சுற்று, 36 முதல் 48 மணி நேரம்.

பிறகு 4 டிகிரி குளிரில் 10,000 ஜி விசையில் 20 நிமிடம் சென்ட்ரிஃபியூஜ் செய்து, மேல்நீரை எடுத்துக்கொள்ளுங்கள். நொதி அதில் இருக்கிறது. பனிக்கட்டியில் வைத்து, மெதுவாகக் கலக்கியபடி, 80 சதவீதச் செறிவு வரும்வரை அமோனியம் சல்ஃபேட்டைத் தூவுங்கள். லிட்டருக்கு அரைக் கிலோவுக்குச் சற்று மேல் பிடிக்கும். அவசரப்பட்டுக் கொட்டினால் நுரை வரும், நுரையில் புரதம் கெடும். இரவு முழுவதும் குளிரில் விட்டு, படிந்ததைச் சுழற்றி எடுத்து, 20 மில்லிமோலார் ட்ரிஸ் (பிஎச்சை நிலையாக வைக்கும் பொருள்), பிஎச் 7 கரைசலில் கரைத்து, டயாலிசிஸ் பையில் கட்டி உப்பை வெளியேற்றுங்கள். வெளிக் கரைசலை இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டும்.

படி 4: நொதியின் வலிமையை அளத்தல்

இங்கே டிஎன்எஸ் முறை போதும். சர்க்கரையின் வெட்டுமுனைகள் கூடக் கூட நிறம் அடர்த்தியாகும் வேதிப்பொருள் அது. 0.5 சதவீத உருகிய அகார், 45 டிகிரி, நொதி சேர்த்துப் பத்து நிமிடம், டிஎன்எஸ் ஊற்றிக் கொதிநீரில் ஐந்து நிமிடம், 540 நானோமீட்டரில் அளவு. காலக்டோஸை வைத்து நேர்கோடு வரைந்து, நிமிடத்துக்கு ஒரு மைக்ரோமோல் வெட்டுமுனை உருவாக்கும் அளவை ஒரு யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நொதி மட்டும், அகார் மட்டும் என்று இரண்டு வெற்றுக் குழாய்கள் கட்டாயம் வேண்டும். வெட்டாத அகார் ஆறும்போது கலங்கி, அளவைத் தப்பாகக் காட்டும். அதனால் வெதுவெதுப்பாக இருக்கும்போதே படித்துவிடுங்கள்.

இன்னொரு சோதனையையும் இப்போதே செய்யுங்கள். நொதியை அகார் இல்லாமல் 40, 45, 50 டிகிரிகளில் தனித்தனியாக ஒரு மணி நேரம் வைத்து, எவ்வளவு வலிமை மிஞ்சுகிறது என்று பாருங்கள். அடுத்த படி முழுவதும் இந்த எண்ணை நம்பித்தான் நடக்கிறது.

படி 5: வெட்டுதல்

அகார் உருக 85 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆனால் உருகியது 40 டிகிரிக்குக் கீழே வரும்வரை உறையாது. இயற்கையில் கிடைக்கும் பல அகரேஸ்கள் 50 டிகிரியைத் தாண்டினால் விரைவில் செத்துவிடும். ஆக நமக்குக் கிடைப்பது 40க்கும் 50க்கும் நடுவே ஒரு குறுகலான சந்து.

10 கிராம் அகாரை ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் போட்டு, 121 டிகிரியில் 15 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்யுங்கள். வாட்டர் பாத்தில் 45 டிகிரிக்கு இறக்குங்கள். குடுவையின் ஓரமும் நடுவும் ஒரே சூட்டுக்கு வர அரை மணி நேரம் ஆகும், வெப்பமானியை நடுவில் விட்டுப் பாருங்கள். வெளியே தொட்டுப் பார்த்துவிட்டு நொதியை ஊற்றியவர்கள் பலர், நடுவில் 60 டிகிரி இருந்திருக்கும். எவ்வளவு நொதி என்று கேட்டால், 100 மி.லி. குடுவைகள் மூன்றில் கிராம் அகாருக்கு 10, 50, 100 யூனிட் என்று போட்டுப் பார்த்து உங்கள் நொதிக்கு ஏற்றதை முடிவு செய்யுங்கள்.

வாட்டர் பாத்துக்குக் கட்டாயம் யுபிஎஸ் வையுங்கள். என் இரண்டாவது முயற்சியில் இரவில் மின்சாரம் போனது. காலையில் போய்ப் பார்த்தால் குடுவைக்குள் மேலே இரண்டு விரல் அளவு திரவம், கீழே கல் மாதிரி உறைந்த அகார். மறுபடி 45 டிகிரிக்குச் சூடேற்றினேன், அசையவில்லை. உறைந்ததை மறுபடி உருக்க 85 டிகிரி வேண்டும், அந்தச் சூட்டில் நொதி போய்விடும். ஒரு வாரம் சேர்த்த நொதி அத்தோடு போயிற்று.

முதல் ஒரு மணி நேரம்தான் பார்க்கப் பார்க்க அழகு. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை 1 மி.லி. எடுத்து, சிறு குழாயில் விட்டு, பனிக்கட்டியில் ஐந்து நிமிடம் நிறுத்தித் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். தொடக்கத்தில் அப்படியே ஒட்டி நிற்கும். அடுத்தடுத்து எடுக்கும்போது கூழ் மாதிரி வழியும். அப்புறம் வெறும் தண்ணீராகக் கொட்டும்.

தண்ணீராகிவிட்டதே, வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். உறையும் அளவுக்கு நீளம் இல்லை என்பதைத்தான் அது காட்டுகிறது. சங்கிலிகள் இன்னும் நீளமாகவே இருக்கலாம். இந்தக் கட்டத்தில் ஒரு வேலை செய்யலாம். உருகிய புது அகாரை 50 டிகிரி அளவில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டே போகலாம். ஆரம்பத்திலேயே 3 சதவீதம் போட்டால் கலக்கவே முடியாது. இப்படித் தவணையில் போட்டால் முடியும். கடைசியில் ஆவியாக்க வேண்டிய தண்ணீர் குறையும் என்பதால், செலவைப் பாதியாக்குவது பெரும்பாலும் இந்த ஒரு பழக்கம்தான்.

படி 6: எங்கே நிறுத்துவது

என்னைக் கேட்டால் இந்த வேலை முழுவதிலும் முக்கியமான படி இதுதான். அகரேஸ் எல்லாம் ஒரே மாதிரி வெட்டாது. சர்க்கரைப் பிணைப்பை வெட்டும் நொதிகளைக் குடும்ப எண் போட்டுப் பிரித்திருக்கிறார்கள். ஜிஎச் 16 குடும்பத்து அகரேஸ்கள் பெரும்பாலும் நான்கு, ஆறு சர்க்கரை கொண்ட துண்டுகளில் நிற்கும். ஜிஎச் 50 குடும்பத்தவை இரண்டு சர்க்கரைத் துண்டான நியோஅகரோபயோஸ் வரைக்கும் போகும். ஜிஎச் 117 இருந்தால் அந்த இரண்டையும் தனித்தனிச் சர்க்கரையாகப் பிரித்துவிடும். நீங்கள் பிடித்த பாக்டீரியா இவற்றில் பலவற்றை ஒன்றாகவே சுரக்கும். அதனால் இரண்டு மணி நேரத்தில் கிடைப்பதும் இருபத்து நான்கு மணி நேரத்தில் கிடைப்பதும் வெவ்வேறு பொருள்கள்.

பூஜ்யம், அரை மணி, 1, 2, 4, 8, 24 மணி நேரம் என்று மாதிரி எடுத்து, ஒவ்வொன்றையும் உடனே கொதிநீரில் பத்து நிமிடம் வைத்து நொதியை நிறுத்துங்கள். சிலிக்கா ஜெல் தட்டில் டிஎல்சி (துண்டுகளை அளவு வாரியாகப் பிரித்துக் காட்டும் மெல்லடுக்கு முறை) ஓட விடுங்கள். என்-பியூட்டனால், அசிட்டிக் அமிலம், தண்ணீர் இரண்டுக்கு ஒன்றுக்கு ஒன்று. ஓடி முடிந்ததும் எத்தனாலில் கலந்த 10 சதவீத கந்தக அமிலத்தைத் தெளித்து, 110 டிகிரியில் சூடாக்கினால் பழுப்புப் புள்ளிகள் எழும். சிறிய சர்க்கரை மேலே ஏறும், பெரியது கீழே நிற்கும். ஒப்பிட நியோஅகரோபயோஸ் (2 சர்க்கரை), டெட்ராயோஸ் (4), ஹெக்ஸாயோஸ் (6) ஆகிய தரப் பொருள்களை வாங்கித்தான் ஆக வேண்டும். விலை அதிகம், ஆனால் அவை இல்லாமல் புள்ளிக்குப் பெயர் வைக்க முடியாது.

தட்டைப் பக்கவாட்டில் படித்துக்கொண்டு போனால், கோட்டிலேயே நின்ற கறை மணிக்கு மணி மங்கி, மேலே புள்ளிகள் ஒவ்வொன்றாகத் தெளிவதைப் பார்க்கலாம். நான்கு, ஆறு சர்க்கரைப் புள்ளிகள் அடர்த்தியாக இருக்கும் நேரத்தைக் குறித்து வையுங்கள். அடுத்த தவணையில் அந்த நேரத்தில் நிறுத்துங்கள். ஒவ்வொரு தவணைக்கும் ஒரு தட்டு, தேதி போட்டு, படம் எடுத்துக் கோப்பில் இருக்க வேண்டும். இந்தப் படம் இல்லாத தூளை யாரிடமும் ‘நியோஅகரோ ஒலிகோசாக்கரைடு’ என்று சொல்லிக் கொடுக்காதீர்கள்.

படி 7: சுத்தம் செய்தல், உலர்த்தல்

கொதிக்க வைத்து நிறுத்திய கரைசலை இரவு முழுவதும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெட்டாமல் விட்ட அகார் தானாகவே உறைந்து படியும், சுழற்றி எடுத்துவிடலாம். நீளத் துண்டுகள் மிச்சம் இருந்தால் இரண்டு மூன்று மடங்கு எத்தனால் ஊற்றினால் வீழ்படிவாக வரும், குட்டித் துண்டுகள் கரைசலிலேயே நிற்கும்.

உப்பைப் பற்றி யாரும் முதலில் யோசிப்பதில்லை. ஆய்வகப் பழக்கத்தில் 20 மில்லிமோலார் பாஸ்பேட் கரைசலில் வெட்டினீர்கள் என்று வையுங்கள். ஒரு லிட்டரில் ஏறக்குறைய 2.7 கிராம் உப்பு இருக்கும். அகார் 10 கிராம். உலர்த்திய தூளில் ஐந்தில் ஒரு பங்கு உப்புதான். எடை நன்றாக வந்திருக்கிறது என்று மகிழ்வோம், அதில் ஐந்தில் ஒரு பங்கு மகிழ்ச்சி பாஸ்பேட்டுக்கு. அதனால்தான் மேலே வெறும் தண்ணீரில் கரைக்கச் சொன்னேன். பிஎச்சை மட்டும் 7க்குக் கொண்டுவந்தால் போதும். நொதியோடு கொஞ்சம் ட்ரிஸ் வரும், உணவுப் பொருளில் அது இருக்கக் கூடாது.

உப்பையும் நிறத்தையும் சேர்த்து நீக்க, செயலூட்டிய கரி நல்ல வழி. குட்டிச் சர்க்கரைகள் கரியில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரால் கழுவினால் உப்பு போகும், பிறகு எத்தனால் கலந்த நீரை விட்டால் சர்க்கரை இறங்கி வரும். கொஞ்சம் கரியிலேயே தங்கிவிடும், அந்த இழப்பைக் கணக்கில் எழுதுங்கள். பெரிய அளவில் செய்பவர்கள் நானோ வடிகட்டிச் சவ்வைப் பயன்படுத்துவார்கள்.

கடைசியாக உறை உலர்த்தி அல்லது தெளிப்பு உலர்த்தி. தெளிப்பு உலர்த்தலில் ஒட்டாமல் இருக்க மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துத் தூளைச் சேர்ப்பது வழக்கம். சேர்த்தால் அந்த அளவை லேபிளில் எழுத வேண்டும். தூள் ஈரத்தை வேகமாக இழுக்கும். கடற்கரை ஊர்க் காற்றில் திறந்து வைத்தால் சீக்கிரமே கட்டிதட்டிவிடும், சிலிக்கா பை போட்டு உடனே மூடுங்கள்.

ஆய்வகத் தூளுக்கும் சாப்பிடும் தூளுக்கும் நடுவே

இதுவரை சொன்ன முறையில் வந்த தூளை ருசிகூடப் பார்க்க வேண்டாம். கடலிலிருந்து பிடித்த, இன்னும் பாதுகாப்பு உறுதியாகாத பாக்டீரியாவின் கச்சா நொதியில் என்னென்ன இருக்கும் என்று சொல்ல முடியாது. உணவுக்கென்று வரும்போது, நல்ல அகரேஸின் மரபணுவை எடுத்து, பேசில்லஸ் சப்டிலிஸ் போன்ற, உணவுத் தொழிலில் நெடுநாள் பழகிய உயிரியில் வைத்து உற்பத்தி செய்வதுதான் சரியான வழி. அப்போது ஒரே குடும்ப நொதி மட்டும் கிடைப்பதால், எங்கே நிறுத்துவது என்ற சிக்கலும் பெரிதும் தீரும்.

இந்தியாவில் இத்தகைய பொருள் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் கண்ணில் புதிய உணவு. 2017ஆம் ஆண்டின் ‘குறிப்பிடப்படாத உணவு’ விதிகளின் கீழ் முன் அனுமதி வாங்க வேண்டியிருக்கும். ஈயம், காட்மியம், ஆர்செனிக், பாதரசம், அயோடின், எஞ்சிய எத்தனால், நுண்ணுயிர் எண்ணிக்கை ஆகிய அறிக்கைகள் ஒவ்வொரு தவணைக்கும் தேவை. நம் கடலிலிருந்து பிடித்த பாக்டீரியாவும் 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தில் உயிரியல் வளம்தான். வணிகமாக்கும் முன் மாநிலப் பல்லுயிர் வாரியத்தை அணுகுங்கள்.

அப்புறம், இது என்ன செய்யும் என்று எழுதும் இடம். ஆய்வகத்திலும் எலிகளிலும் நியோஅகரோ சர்க்கரைகள் பைஃபிடோபாக்டீரியா, லாக்டோபேசில்லஸ் வகைகளைப் பெருக்கியதாக ஆய்வுகள் உள்ளன. மனிதரில் செய்த ஆய்வுகள் மிகக் குறைவு. நம் குடலில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தும் பலன் மாறலாம். நோரி பாசியைத் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்ட ஜப்பானியரின் குடல் பாக்டீரியாவில், கடல் பாக்டீரியாவிலிருந்து வந்த பாசி வெட்டும் மரபணுக்கள் இருப்பதை 2010இல் பிரான்ஸின் ரோஸ்காஃப் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஒப்பிட்டுப் பார்த்த வட அமெரிக்கர்களின் குடலில் அவை தென்படவில்லை.

பழுப்புப் பாசிச் சர்க்கரையிலிருந்து சீனாவில் உருவாக்கிய ஒரு அல்சைமர் மருந்துக்கு 2019 நவம்பரில் நிபந்தனையுடன் அனுமதி கிடைத்தது. பல நாடுகளில் நடந்த அதன் பெரிய சோதனை 2022இல் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. அதனால் உங்கள் டப்பாவில் நோய் தீரும், சர்க்கரை குறையும் என்றெல்லாம் எழுத வேண்டாம். பாசியின் பெயர், எடுத்த ஊர், துண்டுகளின் அளவு, எத்தனை சதவீதம், சேர்த்த வேறு பொருள், அயோடின் அளவு ஆகியவற்றை எழுதுங்கள். தைராய்டு மருந்து எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டுவிட்டே சாப்பிட வேண்டும் என்ற வரியைச் சின்ன எழுத்தில் ஒளிக்காமல், படிக்கும் அளவில் முன்பக்கத்திலேயே போடுங்கள்.